வியாழக்கிழமையின் கடைசிப் பக்கம்

ஏப்ரல் மாதத்து மூன்றாம் வியாழக்கிழமை ஹார்வெல் ஊரில் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் படிப்பார்கள். முதல் பக்கத்தில் ஆளுநர் இருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் செல்வாக்கு கிடையாது. கடைசிப் பக்கம் முழுக்க வெர்னா டில்மனுடையது. அந்தச் சனிக்கிழமை உள்ளூர் ஹார்வெல் கல்லூரியும், வளைகுடாப் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் மார்ஷ்கேட் கல்லூரியும் மோதும், வலைப்பை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸ் ஆட்டத்துக்கு அவள் எழுதும் முன்னோட்டம் அதில் வரும். எந்தப் பையனுக்கு இடது கை வராது, கோல் காப்பவன் எந்தப் பக்கத்துப் பந்துக்குத் தடுமாறுவான், ஆற்றுக்காற்று எந்தப் பாதியில் யாருக்குச் சாதகம் என்று இருபத்தாறு வருஷமாக எழுதிவந்தாள். முடிதிருத்தும் கடையில் அதைச் சத்தமாக வாசிப்பார்கள். சாப்பாட்டுக் கடையில் முட்டை ஆறிப்போகும் வரை அதை வைத்துச் சண்டை போடுவார்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஹார்வெல்லும் மார்ஷ்கேட்டும் மிகச் சிறியவை. வெளியூர்க்காரர்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் பகைக்குத் தனி ருசி உண்டு. பாலத்துக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் பணக்காரர்கள், மமதைக்காரர்கள் என்பது இந்தப்பக்கத்தார் கட்சி. இந்தப்பக்கம் இருப்பவர்கள் நண்டு நாற்றம் அடிப்பவர்கள் என்பது அந்தப்பக்கத்தார் கட்சி. ஆறு வருஷமாகத் தொடர்ந்து மார்ஷ்கேட்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

வெர்னாவின் அப்பா நண்டுக் கம்பெனிகளுக்கு ஐஸ் வண்டி ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் அவள் பெண்கள் அணிக்கு ஆடினாள், வேகமாக ஆடினாள். பதினேழு வயதில் முட்டி போயிற்று, அதோடு கல்லூரி ஆசையும் போயிற்று. உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வாங்கி வைக்கும் மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு ஏப்ரலில் விளையாட்டு நிருபருக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது, ஆட்டத்தைப் பார்த்து எழுத வேறு ஆள் இல்லாமல் அவளை அனுப்பினார்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று மூன்று கடிதம் வந்தது. நான்காம் வருஷம் அவள் முன்னோட்டத்தில் சொன்ன ஸ்கோர் அப்படியே வந்தது. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. இடையில் ஒரு கல்யாணம் ஒன்பது வருஷம் நடந்து முடிந்தது. குழந்தைகள் இல்லை. வாரத்தில் நான்கு நாள் மாலையில் கல்லூரி மைதானத்து வேலியோரம் நின்று பயிற்சியைப் பார்ப்பாள். எல்லாப் பையன்களையும் நடையை வைத்தே அடையாளம் சொல்வாள்.

அவள் நன்றாக எழுதுவாள். அது அவளுக்கும் தெரியும். ஒரு வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டால் அன்று முழுக்க அவள் முகம் தெளிவாக இருக்கும். அப்படி அமைந்த ஒன்று பல வருஷங்களாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், மார்ஷ்கேட் ஆட்டத்தில் வேட் இன்ஸ்லி என்ற பையன் தலையில் பலமாக இடிபட்டு விழுந்தான். ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து, மட்டையைத் தேடி எடுத்து, ஆட்டம் முடியும்வரை ஆடினான். "மண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது, அவனுக்குத்தான் மண்ணில் இருக்கப் பிடிக்கவில்லை" என்று வெர்னா எழுதினாள். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. வேட் இப்போது சாமான்கடையில் பின்கட்டில் ஆணிப்பெட்டி அடுக்குகிறான். கட்டிடத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான். வண்டி ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவான். அவன் அம்மா அந்தப் பத்திரிகைத் துண்டைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறாள். வெர்னாவைக் கண்டால் நன்றியோடு சிரிப்பாள். அதனால் வெர்னா அந்தக் கடைப்பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் ஹார்வெல் அணி பதினொரு ஆட்டத்தில் ஒன்றுதான் தோற்றிருந்தது. ஏழாம் வருஷமாவது ஜெயிப்போம் என்று ஊருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அதற்குக் காரணம் கோல்பி மெஸ்ஸிக். மற்ற பையன்கள் பால்டிமோரிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்தவர்கள். கோல்பி ஒருவன்தான் உள்ளூர்க்காரன், நண்டுபிடிக்கும் டேல் மெஸ்ஸிக்கின் ஒரே மகன். நான்காம் வருஷ மாணவன், அதாவது மார்ஷ்கேட்டோடு இதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். தடுப்பாட்டக்காரர்கள் வைத்திருக்கும் ஆறடி நீள மட்டையை அவன் சுழற்றினால் எதிராளி பந்தைத் தன் மட்டையின் வலைப்பையில் வைத்திருக்க முடியாது. மார்ஷ்கேட்டின் பேர்போன கோல் அடிக்கும் பையன் ட்ரென்ட் ஹோல்கம்மை நிழல்போல ஒட்டிக்கொண்டு தடுக்க அவன் ஒருவனால்தான் முடியும் என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை வெர்னாவுக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் போய்விட்டதால் பயிற்சியைப் பார்க்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் டாம்சின் பர்னெல் போன் செய்து, மளிகைக்கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வரமுடியுமா என்று கேட்டாள். டாம்சினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அணியின் காயங்களைக் கவனிக்கும் வேலைக்கு அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். சுளுக்குக்குக் கட்டுப்போடுவது, தலையில் அடிபட்டால் சோதித்துப் பார்த்து உட்காரவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

வெர்னாவின் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, அவள் கதவைச் சாத்தினாள். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். திங்கட்கிழமை பயிற்சியில் கோல்பியும் இன்னொரு பையனும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். எழுந்த கோல்பி, இது முதல் பாதியா இரண்டாம் பாதியா என்று கேட்டான். பயிற்சியில் பாதி ஏது? மற்றவர்கள் உடை மாற்றப் போன பிறகு, மைதானத்து ஓரத்தில் பந்து போட்டுவைக்கும் வாளிக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

"அவன் ஆடக்கூடாது, டாக்டர் பாக்கணும்னு கோச்கிட்ட சொன்னேன், மிஸ் வெர்னா. வயித்துக்கு ஒத்துக்காத எதையோ தின்னுட்டான், அப்படியே எழுதிக்கோன்னாரு. கோல்பிய உள்ள அனுப்பிட்டு, அவரே குழாயத் தெறந்து அந்த வாளியக் கழுவினாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். எழுதச் சொன்னபடி எழுதிட்டேன்."

"கோல்பி என்ன சொல்றான்?"

"அவனும் வயிறுங்கறான். அவனுக்கு ஆடணும். யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு இருந்துச்சு."

இதைப் பத்திரிகையில் போடலாமா என்று வெர்னா கேட்டாள்.  தன் பெயர் வராமல் போடமுடியுமா என்றாள் டாம்சின். வராது என்று வெர்னா வாக்குக் கொடுத்தாள்.

அன்று மாலையே மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியாளர் பட் க்ரோனினைப் பார்த்தாள். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம். அவர் மனைவி இறந்தபோது வெர்னாதான் மூன்று நாள் அவர் வீட்டில் வந்தவர்களுக்குக் காபி போட்டாள். கோல்பிக்கு ஏதாவது அடியா என்று அவள் கேட்டதும் க்ரோனின் சிரித்தார். பையன் கெட்டுப்போன சிப்பி தின்றுவிட்டான், அவ்வளவுதான் என்றார். வேலியைத் தாண்டி வந்து அவள் தோளில் கைவைத்தார்.

"வெர்னா, ஆறு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் நல்லதா நாலு வார்த்தை எழுதேன். ஊருக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு சொல்லு."

கல்லூரி விளையாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அணி சம்பந்தப்பட்டதைப் பயிற்சியாளரிடம் கேளுங்கள் என்றார்கள். மைதானத்தில் கோல்பியிடம் இரண்டு வார்த்தை பேசினாள். நன்றாகத்தான் பேசினான். ஆனால் வெயில் இல்லாத மாலையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பல்வலி எப்படி இருக்கிறது மிஸ் வெர்னா என்று கேட்டுவிட்டு, இரண்டு நிமிஷம் கழித்து அதையே முதல் தடவை கேட்பதுபோலத் திரும்பக் கேட்டான்.

பெற்ற தகப்பன் கேட்டால் தடுப்பான் என்று புதன்கிழமை காலை படகுத்துறைக்குப் போனாள். டேல் மெஸ்ஸிக் நண்டுக் கூண்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவள் சொன்னதையெல்லாம் வேலையை நிறுத்தாமல் கேட்டான். மகனிடம் கேட்டுவிட்டதாகவும், நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொன்னதாகவும், இருபத்தொரு வயது ஆண்பிள்ளையை நம்பாமல் எப்படி என்றும் சொன்னான். வெர்னா வேட் இன்ஸ்லியின் பெயரை எடுத்தாள். அப்போதுதான் டேல் கையிலிருந்த கூண்டைக் கீழே வைத்தான்.

"வேட் எழுந்து ஆடினத ஊரே கொண்டாடுச்சு. கொண்டாடச் சொன்னது யாரு? அந்தத் தாள வெட்டி எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தோம். கோல்பிக்கு அப்போ எட்டு வயசு. பால் எடுக்கப் போறப்பல்லாம் அதப் படிச்சுப் படிச்சுதான் வளந்தான். இப்போ வந்து எழுந்திருக்காதேன்னு நீயே சொன்னா எப்படி வெர்னா?"

 அவன் கூண்டைத் தூக்கிப் படகில் வைத்தான். துறையிலிருந்து ஆபீஸ்வரை காரின் ரேடியோவைக்கூடப் போடாமல் ஓட்டினாள்.

அன்று பிற்பகல் முன்னோட்டத்தை எழுதினாள். காற்றைப் பற்றி எழுதினாள், ஹோல்கம் சுற்றிவந்து அடிக்கும் விதத்தைப் பற்றி எழுதினாள், நடுக்கோட்டில் பந்துக்காக இருவர் குனிந்து மல்லுக்கட்டும்போது யார் கை முந்தும் என்று எழுதினாள். பிறகு நடுவில் ஒரு பத்தி வைத்தாள். "திங்கட்கிழமை மாலை கோல்பி மெஸ்ஸிக் பந்து வாளிக்குள் வாந்தி எடுத்தான். பயிற்சியாளர் வாளியைக் கழுவினார். மெஸ்ஸிக்கின் தலையைச் சோதிக்க யாரும் மருத்துவரைக் கூப்பிடவில்லை." எழுதியதை மூன்று தடவை படித்துப் பார்த்தாள். ஒரு சொல்லை எடுக்கவோ சேர்க்கவோ இடமில்லாமல் இருந்தது.

ஆசிரியர் லுட்விக் சாதுவான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். செய்தி உறுதிதானா என்று கேட்டார். உறுதி என்றாள். சொன்னது யார் என்று கேட்கவில்லை. பத்தியை விரலால் தட்டினார்.

"இந்த வாளி வேணுமா? தலையில அடி, வாந்தி, டாக்டர் இல்ல. அதுவே போதாதா?"

வெர்னாவுக்கு அந்தக் கணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாளி கழுவியதைப் பார்த்தது இரண்டே பேர் என்பது அவளுக்குத் தெரியும். கார் கண்ணாடியைப் பார்த்தபடி டாம்சின் அதைச் சொன்ன குரலும் காதில் இருந்தது. ஆனால் வாளியை எடுத்துவிட்டால் அந்தப் பத்தி செத்துப்போகும், வழக்கமான புகார்போல ஆகிவிடும், யாரும் அசைய மாட்டார்கள் என்று தோன்றியது. வேறு பையன்கள் யாராவது உடை மாற்றும் அறை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்திரிகை வந்தது. எட்டு மணிக்கு ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்தது, மதியம்வரை ஓயவில்லை. மார்ஷ்கேட்காரனிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர் கேட்டார். அவள் இருபது வருஷமாக முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரி, சனிக்கிழமைக்குக் கொடுத்திருந்த நேரத்தை ரத்து செய்ய மட்டும் கூப்பிட்டாள். ஆனால் பத்தி வேலை செய்தது. வழக்குக்குப் பயந்த கல்லூரி அன்று மாலையே கோல்பியை வெளி டாக்டரிடம் அனுப்பியது. வெள்ளிக்கிழமை காலை, மெஸ்ஸிக் ஆடமாட்டான் என்று ஒற்றை வரியில் அறிவித்தார்கள். டாக்டர் என்ன கண்டார் என்று சொல்லவில்லை. மாணவனின் உடல்நிலை அந்தரங்கம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாம்சின் கூப்பிட்டாள். அழவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னாள். க்ரோனின் அவளை அறைக்கு அழைத்து, வாளி கழுவியதைப் பார்த்தது நாம் இருவர்தான், பத்திரிகைக்குப் போன் செய்தது நான் இல்லை என்றாராம். வேறு எதுவும் கேட்கவில்லையாம். ஆட்டக்காரனின் உடல்நிலையை வெளியாளிடம் சொன்ன குற்றத்துக்காக வேலைநீக்கம் என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வயிற்று உபாதை என்று எழுதியிருந்த குறிப்பில் அவள் கையெழுத்து இருந்ததால், பொய் எழுதியவளும் அவளே என்று ஆகியிருந்தது.

"சாமானெல்லாம் கட்டிட்டேன், மிஸ் வெர்னா. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு, அதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வெயிலும் காற்றுமாக நல்ல நாள். வண்டி நிறுத்துமிடத்தில் காலையிலிருந்தே நண்டு சூப்பும் பியருமாகக் கூட்டம். வெர்னா நிருபர்கள் உட்காரும் மேல்தட்டுக்கு ஏறிப்போனபோது படிக்கட்டில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். ஆனால் ஒருவரும் பேசவில்லை. கீழே ஹார்வெல் பெஞ்சில் கோல்பி சட்டை எண் தெரிய, ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தான். ஹோல்கம்மைத் தடுக்க அவன் இடத்தில் இரண்டாம் வருஷப் பையன் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள்.

முதல் பதினைந்து நிமிஷம் அந்தப் பையன் சமாளித்தான். ஹார்வெல் நான்கு, மார்ஷ்கேட் இரண்டு. இரண்டாம் கால்பகுதியில் ஹோல்கம் அவனை அளந்து முடித்துவிட்டான். கோலுக்குப் பின்பக்கமிருந்து வலதுபக்கம் வருவதுபோலத் தோளைக் காட்டிவிட்டு இடதுபக்கம் வந்தான், அடித்தான். திரும்பவும் அதேபோல வந்தான், திரும்பவும் அடித்தான். அவன் இதைத்தான் செய்வான் என்று வெர்னா முன்னோட்டத்தில் எழுதியிருந்தாள். பாதியாட்டத்தில் ஆறுக்கு ஆறு. மூன்றாம் பகுதியில் காற்று ஹார்வெல்லுக்குச் சாதகமாகத் திரும்பியது, அதையும் அவள் எழுதியிருந்தாள். ஒன்பதுக்கு ஏழு என்று முந்தினார்கள். கூட்டத்தின் சத்தத்தில் மேல்தட்டுப் பலகைகள் அதிர்ந்தன. அவள் கை பழக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தது. மனம் மட்டும், ஜெயித்துவிடட்டும், ஜெயித்துவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று அடித்துக்கொண்டது.

கடைசி நிமிஷத்தில் பத்துக்குப் பத்து. பந்து மார்ஷ்கேட்டிடம். ஹோல்கம் கோலுக்குப் பின்னால் நின்று, வேண்டுமென்றே நேரத்தை ஓடவிட்டான். பெஞ்சில் கோல்பி எழுந்து நின்றுவிட்டான். "இடது பக்கம், இடது பக்கம் வருவான்" என்று கத்தினான். இரண்டாம் வருஷப் பையனுக்கு அது கேட்டிருக்காது. பதினொரு விநாடி மிச்சமிருக்கும்போது ஹோல்கம் வலதுதோளைக் காட்டினான், இடதுபக்கம் வந்தான், தரையோடு அடித்தான். வலை ஆடியது. அந்த ஒரு ஆட்டத்தில் அது அவனுடைய ஆறாவது கோல்.

 முன்வரிசையில் யாரோ ஒருவர் திரும்பி மேல்தட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் பார்த்தார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. யாரும் எதையும் எறியவில்லை, திட்டவில்லை. ஊர் முழுக்க அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். வெர்னா குனிந்து ஸ்கோரை எழுதினாள். 11, 10.

படிக்கட்டின் அடியில் டேல் மெஸ்ஸிக் காத்திருந்தான்.

"திருப்தியாம்மா வெர்னா?"

"டேல், அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகலையே. அங்கதான நிக்கறான், பாரு. நாலு வருஷம் இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தான். அத நீ எடுத்துக்கிட்ட. பேப்பர்ல போட உனக்கு ஏதாவது வேணும்ல."

அவன் போன பிறகு அவள் ஆபீஸுக்குப் போய் ஆட்டச் செய்தியை எழுதினாள். ஒரு உவமை இல்லை, ஒரு அலங்காரம் இல்லை. யார் அடித்தது, எத்தனையாவது நிமிஷம் என்று மட்டும் எழுதினாள். லுட்விக் அதைப் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. படகு எஞ்சின் கடையும் சாப்பாட்டுக் கடையும் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டன. ஜூன் மாதம் லுட்விக், கொஞ்ச நாளைக்கு மாவட்டக் கவுன்சில் கூட்டங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தரையைப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டுக்கொண்டார். க்ரோனினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவட்டத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று அந்த வருஷம் அவருக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கவுன்சில் கூட்டத்தில் வைத்துத்தான் கொடுத்தார்கள். வெர்னா அதைச் செய்தியாக எழுதினாள்.

கோல்பி பட்டம் வாங்கிவிட்டு அப்பாவோடு நண்டுப் படகில் போனான். நாற்பது கிலோ கூண்டை ஒற்றைக் கையால் தூக்குகிறான், துறையில் நின்று சத்தமாகச் சிரிக்கிறான், ஒரு தலைவலி கிடையாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாருங்கள், ஒன்றுமே இல்லாததற்கு அவள் போட்ட கூத்தை என்றார்கள். அவன் நன்றாக இருந்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அன்று ஆடியிருந்தால் இன்னொரு இடியில் அவன் கதி என்னவாகியிருக்கும் என்று நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. அவன் வேட்போல ஆகியிருந்தால் மட்டும்தான் அவள் சொன்னது சரி என்று ஆகும். அப்படி ஒரு நினைப்பு, ஒரே ஒரு தடவை, அவன் துறையில் நின்று சிரிப்பதைக் கண்டபோது அவளுக்குள் எட்டிப்பார்த்தது. அதற்காக வெட்கப்பட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

ஆகஸ்டில் மருந்துக்கடை வரிசையில் இருவரும் முன்னும் பின்னுமாக நிற்க நேர்ந்தது. கோல்பி மரியாதையான பையன், தொப்பியைக் கழற்றினான். டாக்டர் என்னதான் சொன்னார் என்று கேட்க அவளுக்கு நாக்குநுனிவரை வந்தது, கேட்கவில்லை. அவனாகவே பேசினான்.

"நீங்க எழுதினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல, மிஸ் வெர்னா. அம்மா சரிங்கறாங்க, அப்பா தப்புங்கறாரு. எனக்கு ஹோல்கம் இடது பக்கம் வர்றது மட்டும்தான் ஞாபகம் வருது. தூக்கத்துலகூட."

மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். என்ன மருந்து என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கண்ணை வேறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

டாம்சினுக்கு மூன்று கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. வேலைநீக்கக் காகிதத்தைப் பார்த்து வேறெந்தக் கல்லூரியும் அவளை எடுக்கவில்லை என்றும், பக்கத்து மாநிலம் டெலவேரில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருக்கிறாள் என்றும் யாரோ சொன்னார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்னா ஒன்றரை மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு போனாள். டாம்சின் நீலநிற வேலைச் சட்டையோடு பின்வாசலுக்கு வந்தாள். இடைவேளை பத்து நிமிஷம்தான் என்றாள். மெலிந்திருந்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று வெர்னா வழிநெடுக எதிர்பார்த்து வந்திருந்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்திருந்தாள். டாம்சின், கோல்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றதும் தலையை ஆட்டினாள்.

விளையாட்டு அலுவலகத்துக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் தானே எழுதுவதாகவும், நடந்ததற்குச் சாட்சி சொல்வதாகவும் வெர்னா சொன்னாள். அதெல்லாம் வேண்டாம் என்றாள் டாம்சின்.

"பேர் வராதுன்னு சொன்னீங்க. வரல. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன், மிஸ் வெர்னா. அந்த வாளி எதுக்கு? அது இல்லாமலே எழுதியிருக்கலாமே. சொன்னது நான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

வழிநெடுக வெர்னா வேறு வேறு பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது இல்லாவிட்டால் கல்லூரி அசைந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"எழுத்துல அது நல்லா இருந்துச்சு" என்றாள். "லுட்விக் எடுத்துடலாம்னாரு. நான்தான் விடல."

டாம்சின் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டது ஒன்று உறுதியானது போல, அவள் முகத்தில் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. நேரமாயிற்று, மூன்றாம் அறைப் பாட்டியைக் குளிப்பாட்ட வேண்டும் என்றாள். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. அவள் உள்ளே போன பிறகு அது மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. வெர்னா காரில் ஏறி ஊருக்குத் திரும்பினாள்.

வேண்டாம் என்று டாம்சின் சொல்லியும் அவள் கல்லூரிக்கு எழுதினாள். வயிற்று உபாதை என்று எழுதச் சொன்னவர் யார் என்பதை விவரமாக எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் முன்னோட்டத்தை எழுத பால்டிமோரிலிருந்து ஒரு இளைஞனை அமர்த்தினார்கள். அவன் பயிற்சி பார்க்க ஒருநாள்கூட வரவில்லை. போனில் க்ரோனின் சொன்னதை எழுதினான், படம் பெரிதாகப் போட்டார்கள். ஊர் அதையும் பின்னாலிருந்து திருப்பிப் படித்தது. சனிக்கிழமை வெர்னா போகவில்லை. வீட்டுப் பின்கட்டு வேலிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். காற்று மைதானத்துப் பக்கமிருந்து வீசியதால் சத்தம் அவ்வப்போது வந்தது. மூன்றாம் பகுதிக்குள் சத்தம் அடங்கிவிட்டதை வைத்தே அவள் முடிவைத் தெரிந்துகொண்டாள். மார்ஷ்கேட் பதினான்கு, ஹார்வெல் ஆறு. குறைசொல்ல அந்த வருஷம் யாரும் அகப்படவில்லை, ஊர் சீக்கிரமே அதை மறந்துவிட்டது.